பாரம் தூக்கிய கைகள்: கப்பல் பட்டறைகளின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் படித்தால் போதும்.

சோழர் கடற்படையைப் பற்றி இதே பக்கத்தில் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தான்: "டீச்சர், கப்பல் கட்டினவன், ஓட்டினவன், சண்டை போட்டவன் எல்லார் வரலாறும் எழுதிட்டீங்க. கப்பலை ரிப்பேர் பண்றவன் வரலாறு எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்திருப்பான். வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், சாரம் கட்டுபவர், ரிக்கர் என்று பல பெயர்கள். இவர்களில் ரிக்கர் என்றால் என்ன வேலை என்று வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. "கிரேன்ல சாமான் தூக்குற வேலை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வேலையின் கதையையும், அதில் கை கால் இழந்தவர்களின் கதையையும், அதிலிருந்து பிறந்த சட்டங்களின் கதையையும் எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். தொழில் விவரம் பலவற்றை எனக்குச் சொன்னவன் என் அக்கா மகன். பத்து வருடத்துக்கு மேல் அங்கே ரிக்கராக இருக்கிறான்.

கப்பியிலிருந்து தொடங்குவோம்

அறிவியல் பாடத்தில் எளிய இயந்திரங்கள் என்று ஒரு பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? நெம்புகோல், சாய்தளம், கப்பி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கப்பிதான் இன்றைய கிரேனுக்கும் மூலம். கூட்டுக் கப்பிகளை வைத்து, ஆட்களும் சரக்கும் ஏற்றிய கப்பல் ஒன்றை ஆர்க்கிமிடீஸ் தனி ஆளாக இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். நடந்ததோ இல்லையோ, தத்துவம் சரிதான். கப்பிகளைக் கூட்டினால் கொடுக்க வேண்டிய விசை குறையும், இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் கூடும்.

நம் பக்கத்திலும் இந்த வித்தை தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேரளத்தில் பேப்பூர்க் கரையில் உரு என்னும் மரக்கப்பலைக் கட்டி, வடமும் கப்பியும் உருளைக் கட்டைகளும் வைத்துக் கடலில் இறக்கியவர்கள் மாப்பிள்ளைக் கலாசிகள். 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீரில் கிடந்த ரயில் பெட்டிகளை மீட்பதற்கு அந்தக் கலாசிகளைத்தான் கூப்பிட்டார்கள். ரயில்வேயில் "கலாசி வேலை" என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்தான். ரிக்கருக்கு நம் நாட்டில் இருந்த பழைய பெயர் அது.

கயிறு என்றால் முதலில் சணலும் மணிலா நாரும்தான். பிறகு இரும்புச் சங்கிலி வந்தது. சங்கிலியில் ஒரு ஆபத்து உண்டு. நூறு கண்ணியில் ஒன்று பழுதானாலும் மொத்தமும் போய்விடும், முன்கூட்டி ஒரு அறிகுறியும் தெரியாது. சங்கிலிகள் அறுந்து கப்பல்கள் கரையில் மோதிய அனுபவத்துக்குப் பிறகுதான், நங்கூரங்களையும் அவற்றின் சங்கிலிகளையும் சோதித்துச் சான்று பெற வேண்டும் என்று 1864-இல் பிரிட்டனில் சட்டம் போட்டார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1834-இல், ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். கம்பி வடத்தில் ஓரிரு இழை அறுந்தால் வெளியே முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து வடத்தை மாற்றிவிடலாம். எச்சரிக்கை செய்துவிட்டு அறுகிற கயிறு அது. ஆனால் அந்த எச்சரிக்கையைப் பார்க்க ஒரு ஆளுக்கு நேரம் கொடுக்க வேண்டும். இந்தக் கதை முழுக்க அந்த "நேரம்" வந்துகொண்டே இருக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் எப்படிப் பட்டறை ஆனது

சிங்கப்பூரில் 1859-இல் முதல் உலர்துறை வந்தது. உலர்துறை என்றால் கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை இறைத்துவிட்டு, அடிப்பாகம் வெளியே தெரிய வேலை பார்க்கிற பெரிய தொட்டி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் பெருகின. ஆல்பர்ட் டாக் வந்து, 1913-இல் கிங்ஸ் டாக் திறக்கப்பட்டது. 1938 பிப்ரவரி 14 அன்று செம்பவாங்கில் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தின் பெரிய உலர்துறை திறந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தாங்கிய அந்தத் துறை சுமார் ஆயிரம் அடி நீளம்.

அந்தக் கடற்படைத் தளத்தில்தான் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். குடியிருப்பும் அங்கேயே. இன்று யீஷூனில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் அந்தத் தொழிலாளர்கள் வழிபாட்டில் தொடங்கியதுதான். அங்கே பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் படம் அனுப்பும் பிள்ளைகள் இனிமேல் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கரையில் பாரம் தூக்கியவர்கள் நட்ட வேல் அது.

ஜப்பானிய நிறுவனத்தோடு கூட்டாக 1963-இல் ஜூரோங் கப்பல் பட்டறை தொடங்கியது. பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாக 1968-இல் அறிவித்தபோது, கடற்படைத் தளத்துப் பட்டறையை சிங்கப்பூர் அரசு எடுத்து செம்பவாங் கப்பல் பட்டறை ஆக்கியது. துறைமுகத்தின் பட்டறை அதே ஆண்டு கெப்பல் கப்பல் பட்டறை ஆனது. வளைகுடாவிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெய் கொண்டுபோகும் டாங்கர்கள் பெரும்பாலும் மலாக்கா நீரிணை வழியாகத்தான் போகும். போகிற வழியில் பழுது பார்த்துக்கொள்ள வசதியான இடம். ஊர் வளர்ந்தது, வேலை வளர்ந்தது, ஆள் தேவை வளர்ந்தது.

பழுது பார்ப்பது ஏன் கடினம்

புதிய கப்பல் கட்டுகிற இடத்தில் ஒவ்வொரு துண்டின் எடையும் வரைபடத்தில் இருக்கும். எங்கே கொக்கி மாட்ட வேண்டும் என்று முன்பே குறித்திருப்பார்கள். பழுது பார்க்கிற கப்பல் அப்படி அல்ல. இருபது வருடம் கடலில் ஓடி, துருப்பிடித்து, நடுவில் யாரோ எதையோ மாற்றிப் பொருத்தி வைத்திருப்பார்கள். ஒரு குழாயை வெட்டி எடுத்தால் அதற்குள் சகதி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று தூக்கும்வரை தெரியாது. இருநூறு கிலோ என்று நினைத்தது நானூறு கிலோ இருக்கும். சுக்கானைக் கழற்ற வேண்டும், புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும், அதன் தண்டை உருவ வேண்டும். பெரிய கன்டெய்னர் கப்பலின் புரொப்பெல்லர் ஒன்றே நூறு டன்னைத் தாண்டும். எம்மா மார்ஸ்க் என்ற கப்பலின் புரொப்பெல்லர் 130 டன்.

என் அக்கா மகன் ஒரு தடவை சொன்னான்: "சித்தி, கிரேன் போற இடத்துல வேலை சுலபம். கிரேன் போகாத இடத்துலதான் எங்க வேலையே."

எஞ்சின் அறைக்குள் கிரேனின் கை நுழையாது. அங்கே மேலே ஒரு இரும்புக் காதை வெல்டிங் செய்து, அதில் செயின் பிளாக்கை மாட்டி, கையால் சங்கிலியை இழுத்து இழுத்துப் பாரத்தைத் தூக்குவார்கள். பிறகு பக்கத்தில் இன்னொரு செயின் பிளாக்கை மாட்டி, இதைத் தளர்த்தி அதை இறுக்கி, பாரத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள். நடக்க முடியாத சந்து, கீழே எண்ணெய் வழுக்கல், வெக்கை. பத்து அடி நகர்த்த அரை நாள் ஆகும். அந்த இரும்புக் காது அவசரத்தில் பற்றவைத்ததாக இருந்தால் பிய்ந்துவிடும். துருவில் ஒட்டிக்கொண்ட பாகம் எவ்வளவு இழுத்தாலும் வராது. இழுவை ஏறிக்கொண்டே போய், திடீரென்று விட்டுக்கொடுத்துத் துள்ளும். அப்போது யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதுதான் விதி.

நம் ஊர்த் தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஊரே வடம் பிடித்து முன்னால் இழுக்கும். அவர் மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பார். ரிக்கர் நிற்கிற இடம் அது.

ஒரு சின்னக் கணக்கு

டீச்சர் என்றால் கணக்குப் போடாமல் விடமாட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டன் பாரத்தை இரண்டு ஸ்லிங் போட்டுத் தூக்குகிறோம். இரண்டும் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்கும். ஆனால் ஒரே கொக்கியில் மாட்டும்போது இரண்டும் கூரை மாதிரிச் சாய்ந்து நிற்கும். தரைமட்டத்தோடு 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் 577 கிலோ. 45 டிகிரி என்றால் 707 கிலோ. 30 டிகிரிக்குச் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் 1,000 கிலோ. அதாவது இரண்டு கயிறு போட்டும், ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கிறது. 15 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 1,930 கிலோ!

மேலே உயரம் போதாத இடத்தில், "இருக்கிற ஸ்லிங்கை வச்சு முடிச்சுடு" என்று சொல்லும்போது நடப்பது இதுதான். பாரம் மாறவில்லை, கயிறு மாறவில்லை, கோணம் மட்டும் மாறியது. கயிறு அறுந்துவிட்டது. "கயிறு சரியில்லை" என்று எழுதிவிடுவார்கள். கயிறு சரியாகத்தான் இருந்தது.

பட்டை ஸ்லிங்கில் நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஊதா என்றால் 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, பழுப்பு 6, நீலம் 8, ஆரஞ்சு 10 டன் என்பது ஐரோப்பியத் தர முறை. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல், தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். சீட்டு கிழிந்துபோன ஸ்லிங்கைத் தொடவே கூடாது. கூர்மையான இரும்பு விளிம்பில் அட்டையோ ரப்பரோ வைக்காமல் போட்டால், எந்த நிறமாக இருந்தாலும் கத்தியில் வைத்த வாழை நார்தான்.

எடை எழுதாத மூட்டை

வரலாற்றுக்கு வருகிறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1929-இல் ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. கப்பலில் ஏற்றும் பொதி ஒன்று ஆயிரம் கிலோவோ அதற்கு மேலோ இருந்தால், அதன் எடையை வெளியில் தெளிவாக எழுத வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். இதற்கு உலக நாடுகள் கூடி உட்கார வேண்டுமா என்று தோன்றும். எடை தெரியாமல் தூக்கிக் கொக்கி முறிந்து செத்தவர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் கூடி உட்கார்ந்தார்கள். இதில் இன்னொரு வேடிக்கை. கப்பலில் ஏற்றும் கன்டெய்னரின் உண்மையான எடையை நிறுத்துச் சொல்ல வேண்டும் என்ற உலகளாவிய விதி 2016 ஜூலை 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில் 87 ஆண்டுகள்.

அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியின் வரலாறு இன்னும் நீளமானது. இங்கிலாந்தில் 1837-இல் பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்ற வழக்கு. அதிலிருந்து ஒரு கொள்கை வேர் பிடித்தது. கூட வேலை பார்க்கும் இன்னொரு தொழிலாளியின் தவறால் உனக்கு அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல. பாரம் தூக்குகிற வேலையை யோசித்துப் பாருங்கள். ஒருவர் கொக்கி மாட்டுகிறார், ஒருவர் சைகை காட்டுகிறார், ஒருவர் கிரேன் ஓட்டுகிறார். எந்த விபத்திலும் யாரோ ஒரு கூட்டாளியின் கை இருக்கத்தான் செய்யும். ஆகவே எந்த விபத்துக்கும் முதலாளி பொறுப்பில்லை!

அறுபது ஆண்டுகள் கழித்து 1897-இல் பிரிட்டன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு என்ற கொள்கை அங்கே அப்போது வந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்திலேயே, 1884-இல், விபத்துக் காப்பீடு வந்துவிட்டது. நம் நாட்டில் 1923-இல் சட்டம் இயற்றி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். "யார் தவறு?" என்ற கேள்வியிலிருந்து "யாருக்கு அடி?" என்ற கேள்விக்கு வந்து சேரச் சட்டத்துக்கு இத்தனை காலம் பிடித்தது.

சிங்கப்பூர் கற்ற பாடங்கள்

1978 அக்டோபர் 12. ஜூரோங் பட்டறையில் பழுது பார்ப்பதற்காக நின்றிருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க டாங்கரில், மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். இரண்டே காலைச் சுற்றி வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரின் தொழில் விபத்துகளிலேயே மிக மோசமானது இன்றுவரை அதுதான். எரிபொருள் தொட்டிக்குள் தீப்பற்றக்கூடிய ஆவி சேர்ந்திருந்ததும், வெட்டும் டார்ச்சின் நெருப்பு அதைப் பற்றவைத்ததும் விசாரணையில் தெரிந்தன. வாயு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே நெருப்பு வேலை செய்ய வேண்டும் என்று இன்று கறாராகச் சொல்கிறார்களே, அந்தக் கறாருக்குப் பின்னால் 76 பேர் நிற்கிறார்கள்.

அடுத்து 2004. அந்த ஆண்டு ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து 4 பேர், ஃபியூஷனோபோலிஸ் கட்டுமான இடத்தில் 2 பேர், மே 29-இல் கெப்பல் பட்டறையில் அல்முதைனா என்ற கப்பலில் தீப்பிடித்து 7 பேர். ஆறு வாரத்துக்குள் மூன்று விபத்து. பழைய தொழிற்சாலைச் சட்டம் போதாது என்று முடிவு செய்து, 2006 மார்ச்சில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். விபத்து நடந்த பிறகு அபராதம் என்பதை மாற்றி, ஆபத்தை முன்கூட்டியே கணித்துக் குறைப்பது ஒவ்வொருவருக்கும் கடமை என்று ஆக்கினார்கள். 2011-இல் கிரேன் இயக்கத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. பாரம் தூக்குமுன் எழுத்தில் திட்டம் வேண்டும். தூக்குதலுக்கு மேற்பார்வையாளர், ரிக்கர், சிக்னல்மேன் என்று பயிற்சி பெற்றவர்களை நியமிக்க வேண்டும். கலாசி என்ற ஆள், சான்றிதழ் உள்ள தொழிலாளி ஆனது இப்படித்தான்.

சட்டம் வந்துவிட்டால் விபத்து நின்றுவிடுமா? 2012 டிசம்பர் 3 அன்று ஜூரோங்கில், கால்களை ஊன்றி உயரும் எண்ணெய் துரப்பண மேடை ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேடையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தார்கள். 89 பேருக்குக் காயம். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

நம் நாட்டுக்கும் இந்தக் கதை உண்டு. சுதந்திர இந்தியாவில் நேரு 1948-இல் ஜலஉஷா கப்பலை மிதக்கவிட்டாரே, அதே விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் பட்டறையில், 2020 ஆகஸ்ட் 1 அன்று 70 டன் கிரேன் ஒன்று சரிந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். கிரேன் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் சோதனை ஓட்டத்தின்போது நடந்தது அது. சோதனை என்றாலே தாங்காமலும் போகலாம் என்றுதானே பொருள்? அந்த நேரத்தில் அதன்மேலும் கீழும் எத்தனை பேர் இருக்கலாம் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. 2018 பிப்ரவரி 13 அன்று கொச்சியில் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த சாகர் பூஷண் கப்பலில் வெடித்து 5 பேர் இறந்ததும் நினைவிருக்கும்.

செய்தியில் வராத காயங்கள்

மேலே சொன்னதெல்லாம் பேப்பரில் வந்தவை. ரிக்கர் வேலையில் தினம் நடப்பவை வேறு. ஸ்லிங் இறுகும் நேரத்தில் அதைச் சரி செய்யப் போய் விரல் நசுங்குவது. ஆடும் பாரத்தைக் கையால் நிறுத்தப் போய் நெஞ்சில் இடி வாங்குவது. அறுந்த வடம் சாட்டை மாதிரித் திரும்பி அடிப்பது. கொக்கி மாட்ட உயரத்தில் ஏறித் தவறி விழுவது. இவை ஒரு நொடியில் நடப்பவை. இன்னொரு வகை, வருடக்கணக்கில் நடப்பது. செயின் பிளாக் இழுத்து இழுத்துத் தோள்பட்டை தேய்வது, குனிந்து ஷேக்கிள் சுமந்து இடுப்பு போவது. நாற்பது வயதில் ஊருக்குத் திரும்பி, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். "வயசாயிடுச்சு டீச்சர்" என்கிறார்கள். என்னை விட இருபத்தைந்து வயது இளையவர்கள்!

நம் பள்ளியில் படித்த ஒரு தம்பி. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஒரு துணைக் குத்தகைக்காரரிடம் வேலை. ராத்திரி ஷிப்டில் பாரம் இறங்கும்போது இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியிலேயே, "தங்கும் விடுதியில கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு, உனக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறார்கள். கடன் வாங்கிப் போன பிள்ளை, பயந்துபோய் அப்படியே சொல்லிவிட்டான். அப்பா இறந்த வீடு, தங்கைக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். இரண்டு மாதத்தில் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டார்கள். வேலையில் அடிபட்டது என்று ஒரு காகிதத்திலும் இல்லாததால், வர வேண்டிய எதுவும் வரவில்லை. அவன் அம்மா என்னிடம் வந்து, "சட்டம் இருக்குன்னு முன்னாடியே யாரும் சொல்லலையே டீச்சர்" என்று அழுதார். அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இப்போது எல்லோருக்கும் எழுதுகிறேன்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

சிங்கப்பூரில் வேலையிடக் காயம் தொடர்பான இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். உடலுழைப்புத் தொழிலாளிக்கு முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும். யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கவனக்குறைவே காரணம் என்று மேஸ்திரி சொன்னாலும் கோரலாம். மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக்கான சம்பளம், நிரந்தர ஊனத்துக்கு ஒரு தொகை, இறந்தால் குடும்பத்துக்குத் தொகை என்று அதில் உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். வேலைக் காயத்துக்காக ஒரு நாள் மருத்துவ விடுப்போ இலகு வேலையோ கொடுத்தாலும், 2020 செப்டம்பர் முதல் முதலாளி அதை மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இந்தச் சட்டப்படி கோரலாம், அல்லது நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இரண்டிலும் வாங்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இனி, டீச்சராகச் சில வார்த்தை.

டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன பாரம், யார் பக்கத்தில் இருந்தார்கள். முதல் நாள் மருத்துவக் குறிப்பில் எழுதியதுதான் கடைசிவரை பேசும். அடிபட்ட அன்றே வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். வீடு பயப்படும் என்று மறைக்காதீர்கள். தேதியும் நேரமும் பதிந்த செய்தி பிறகு ஒரு சாட்சி.

தொங்குகிற பாரத்துக்குக் கீழே நிற்காதீர்கள், கடக்கவும் கடக்காதீர்கள். ஆடும் பாரத்தைக் கையால் பிடிக்காமல் கயிறு கட்டித் திருப்புங்கள். எடை தெரியாவிட்டால் கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் தூக்காதீர்கள். சைகை ஒருவர்தான் காட்ட வேண்டும், ஆனால் "நிறுத்து" என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். அது உங்கள் உரிமை. வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அங்கே கூச்சப்படாதீர்கள்.

வீட்டில் இருக்கும் உறவுகளுக்கும் ஒன்று. பிள்ளை போன் பேசும்போது "இந்த மாசம் எவ்வளவு அனுப்புவே" என்பதோடு, "ராத்திரி ஷிப்டா, நல்லா தூங்கினியா, கை கால் வலி இருக்கா" என்றும் கேளுங்கள். கடனை அடைக்க ஓவர்டைம் மேல் ஓவர்டைம் பார்க்கிற பிள்ளை, தூக்கக் கலக்கத்தில்தான் கொக்கிக்குக் கீழே போய் நிற்கிறான். நாம் கொடுக்கிற அவசரமும் அந்தக் கயிற்றில் ஒரு பாரம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கப்பல் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர்கள் நம் உறவிலும் ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்தத் துறை, என்ன வேலை, என்ன சம்பளம், என்ன காயம் என்று அவர்களிடம் கேட்டுக் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் குரல் பதிவு அனுப்புங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். பேர் போட வேண்டாம் என்றால் போடமாட்டேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வைக்கிறேன். அந்தத் தம்பி கேட்ட வரலாற்றை நாம்தான் எழுதியாக வேண்டும்.

எல்லோரும் பத்து விரலோடு, நல்ல முதுகோடு ஊர் திரும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்